சேற்றில் உறங்கும் அமிலம்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆசிட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் பாலைக் கட்டியாக்குவதற்கு ஊற்றும் ஆசிட் கையில் பட்டால் எப்படி எரியும் என்பது பால் வெட்டிய குடும்பங்களுக்குத் தெரியும். அந்த ஆசிட் கடையிலிருந்து கலத்தில் அடைத்து வருகிறது. அளவாக ஊற்றுகிறோம், மீந்ததை மூடி வைக்கிறோம். ஆனால் யாரும் வாங்காமல், யாரும் ஊற்றாமல், காலடி மண்ணிலிருந்தே ஆசிட் ஊறி வருவதும் உண்டு. அது எங்கிருந்து வருகிறது, வருவதற்கு முன்பே அதை எப்படி அளந்து அறிவது என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் பணியாற்றுவது ஜொகூர் மாநிலத்தில், யோங் பெங் வட்டாரத்தில். எங்கள் பக்கம் மேடும் பள்ளமுமான செம்மண் பூமி. ஒரு காலத்தில் ரப்பர். இன்று பெரும்பாலும் செம்பனை. யோங் பெங்கிலிருந்து மேற்கே பத்து பகாட் நோக்கிப் போனால், போகப் போகக் குன்றுகள் மறைந்து நிலம் தட்டையாகிவிடும். ஊர்ப் பெயர்களும் மாறும். பாரிட் சூலோங் என்பது போன்ற பெயர்கள் வரும். பாரிட் என்றால் மலாய் மொழியில் வாய்க்கால். அந்தத் தாழ்ந்த பூமியில் முதலில் குடியேறியவர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகுதான் பயிர் வைக்க முடிந்தது. வாய்க்கால் இல்லாவிட்டால் அங்கே ஊரும் இல்லை.

நிலம் ஏன் அப்படித் தட்டையாக இருக்கிறது? அது கடல் விட்டுச் சென்ற நிலம். ஏறக்குறைய 5,000, 6,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் மட்டம் இன்றையதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. இன்று செம்பனை நிற்கும் இடத்தில் அன்று அலையாத்திக் காடு நின்றது. கடல் பின்வாங்கியபோது தன் சேற்றை விட்டுச் சென்றது. ஆற்று வண்டலும், இலைமக்கும் அதன்மேல் படிந்தன. மேலே பார்த்தால் சாதாரண மண். மூன்றடி நான்கடி தோண்டினால் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பான களிமண். அதுதான் பழைய கடற்சேறு. நம் கதை அந்தச் சேற்றில்தான் இருக்கிறது.

அலையாத்திக் காட்டுச் சேற்றில் கால் வைத்தவர்களுக்கு அதன் நாற்றம் நினைவிருக்கும். அழுகிய முட்டையின் நாற்றம். அது எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். நீருக்கடியில் இருக்கும் சேற்றுக்குள் காற்று நுழைவதில்லை. அங்கே பிராணவாயு இல்லை. ஆனாலும் அங்கே உயிர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை உதிர்ந்து அழுகும் இலையைத் தின்கின்றன. நாம் உண்ட சோற்றை உடம்பில் எரிக்கப் பிராணவாயு வேண்டும் அல்லவா? அவற்றுக்கு அது கிடைக்காது. ஆகவே கடல் நீரில் கரைந்திருக்கும் சல்பேட் என்ற கந்தக உப்பைப் பிராணவாயுவுக்குப் பதிலாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. ஒரு லிட்டர் கடல் நீரில் 2 கிராமுக்கும் அதிகமாகச் சல்பேட் இருப்பதால் பஞ்சமே இல்லை. அந்தச் செயலின் கழிவாக வெளிவருவதுதான் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நாற்ற வாயு.

இந்த வாயு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்ததும் கரிய நிறமுள்ள இரும்புச் சல்பைடு உண்டாகிறது. சாக்கடைச் சேறும் குளத்துச் சேறும் கன்னங்கரேலென்று இருப்பதற்கு இதுவே காரணம். நாட்பட நாட்பட, இன்னும் கந்தகம் சேர்ந்து, அது பைரைட் என்ற கனிமமாகிறது. பைரைட் பெரிய கட்டியாகக் கிடைக்கும்போது பொன்போல் மின்னும். நம் சேற்றிலோ அது பொடியினும் பொடியாகக் கலந்திருக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள். ஒன்று கருஞ்சல்பைடு, இது காற்றுப் பட்டால் மிக விரைவில் மாறிவிடும். கரிய சேற்றை ஒரு தட்டில் வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்திலேயே மேற்பரப்பு பழுப்பாகிவிடும். மற்றது பைரைட், இது மெதுவாக மாறும், ஆனால் அளவில் மிகுதி. நீருக்கடியில் இருக்கும்வரை இரண்டும் சாது. ஆயிரமாயிரம் ஆண்டு உறங்கிக் கிடக்கும், யாருக்கும் தீங்கில்லை.

வாய்க்காலை ஆழமாக வெட்டி நீரை வடித்தால் என்ன ஆகும்? மண்ணில் வெடிப்பு விழும். அந்த வெடிப்பு வழியே காற்று இறங்கும். பைரைட், பிராணவாயு, ஈரம் மூன்றும் கூடினால் கந்தக அமிலம் பிறக்கும். மோட்டார் வண்டியின் மின்கலத்தில் ஊற்றுகிறார்களே, அதே அமிலம். மண்ணின் புளிப்பை அளக்கும் பி.எச். அளவில் 7 என்பது நடுநிலை. நல்ல செம்பனை மண்ணே சற்றுப் புளிப்பாக, 4க்கும் 5க்கும் நடுவில் இருக்கும். இந்தச் சேறு காற்றுப் பட்டால் 3.5க்கும் கீழே இறங்கிவிடும். ஓர் எண் இறங்கினால் புளிப்பு 10 மடங்கு கூடுகிறது என்று பொருள். அந்த அமிலம் களிமண்ணிலுள்ள அலுமினியத்தைக் கரைத்துவிடுகிறது. அலுமினியம் வேரை முடக்குகிறது. வாய்க்காலுக்குள் வந்தால் மீனின் செவுளை அடைக்கிறது.

எவ்வளவு அமிலம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி கனத்துக்கு ஏறக்குறைய 1,200 டன் மண் இருக்கிறது. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் பைரைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 டன் ஆகிறது. அது முழுவதும் மாறினால் சுமார் 20 டன் கந்தக அமிலம். அதை முறிக்க ஏறக்குறைய 20 டன் சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். ஒரு ஏக்கருக்கு, ஓர் அடிக்கு மட்டும் இவ்வளவு! வேலைசெய்து பிழைக்கும் குடும்பத்தால் ஆகிற காரியமா இது? அதனால்தான் சொல்கிறேன்: வந்த பிறகு முறிப்பதைவிட, வருமுன் அளப்பது மேல்.

நேயர்களே, இதை நான் பாடப் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் அக்காளின் கணவர், நாங்கள் மாமா என்று அழைப்பவர், இருபத்தைந்து ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்தவர். சேமநிதிப் பணம் வந்ததும், பத்து பகாட் பக்கத் தாழ்ந்த நிலத்தில் மூன்று ஏக்கர் வாங்கினார். பிறர் நிலத்தில் வேலை செய்தது போதும், இனி நம் நிலத்தில் நாலு மரம் நிற்கட்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. செம்பனைக் கன்று வைத்தார். மழைக்காலத்தில் நீர் தேங்கியது. மண்வாரி இயந்திரக்காரர் ஒருவர், "ஆறடி வெட்டினால் ஒரு சொட்டு நிற்காது" என்றார். மாமா பணம் கொடுத்தார். ஆறடி வெட்டியாயிற்று. தோண்டிய சாம்பல் நிறச் சேற்றைக் கரையின் இருபுறமும் மேடாகக் கொட்டினார்கள்.

பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவர், ஜாவானிய வழியில் வந்தவர், இதைப் பார்த்துத் தலையை ஆட்டினாராம். அவர்கள் வாய்க்கால் இடுப்பளவு கூட இல்லை. "ஆழமாக வெட்டினால் மண் புளித்துவிடும்" என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "எங்கள் அப்பா சொன்னார்" என்றாராம். மாமா அதைப் பொருட்படுத்தவில்லை.

ஓர் ஆண்டு கழிந்தது. வாய்க்காலில் துருப்பிடித்ததுபோல் செந்நிறப் படலம் படிந்தது. சில நாள்களில் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். மாமா அதைப் பார்த்து மகிழ்ந்தார். ஆனால் அந்தத் தெளிவே ஆபத்தின் அடையாளம். கரைந்த அலுமினியம் கலங்கலையெல்லாம் திரட்டி அடியில் தள்ளிவிட்டது. விராலும் கெளுத்தியும் மிதந்தன. கரையில் கொட்டிய சேற்றில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் புள்ளிகள் கண்டன. ஜாரோசைட் என்ற கனிமம் அது. அமிலம் பிறந்துவிட்டது என்பதற்கு மண்ணே தரும் சான்று. கன்றுகளின் மட்டைகள் மஞ்சளித்தன. உரம் போதவில்லை என்று எண்ணி, கடன் வாங்கி மேலும் உரம் போட்டார். மண் உரத்தை ஏற்கவில்லை.

அப்போதுதான் மாமா என்னிடம் வந்தார். "தம்பி, நீ படித்தவன். மண்ணுக்கு என்ன என்று கேட்டுச் சொல்" என்றார். நானும் போனேன். வாய்க்கால் கரையில் நாலு கைப்பிடி மண் எடுத்தேன். பள்ளிக்கூடத் திண்ணையில் செய்தித்தாள் விரித்து இரண்டு வாரம் வெயிலில் காயவைத்து, இடித்துச் சலித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்றபடி அழகாகப் பொட்டலம் கட்டி ஒரு பரிசோதனைச்சாலைக்கு அனுப்பினேன்.

விடை வந்தது. மண் கடும் புளிப்பு என்று எழுதியிருந்தார்கள். அது மாமாவின் மரங்களைப் பார்த்தாலே தெரியும். நான் கேட்ட கேள்வி, இன்னும் எவ்வளவு அமிலம் வரப்போகிறது, எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்பது. அதற்கு விடை இல்லை. நேரில் சென்று கேட்டேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். "ஆசிரியரே, நீங்கள் அளக்கச் சொன்ன பொருளை நீங்களே வெயிலில் வைத்து மாற்றிவிட்டீர்கள். கருஞ்சல்பைடு போயே போய்விட்டது. பைரைட்டிலும் ஒரு பகுதி அமிலமாகிவிட்டது. எந்த ஆழத்து மண் என்றும் எழுதவில்லை. இதை வைத்து நான் என்ன சொல்ல?" என்றார். நான் தலைகுனிந்து வந்தேன். பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றியும் துருவைப் பற்றியும் பாடம் நடத்துகிறவன், காற்றுப் படக்கூடாத பொருளைக் காற்றில் உலர்த்தியிருக்கிறேன்.

இரண்டாம் முறை அவர் சொன்னபடி செய்தோம். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, மண்ணைக் கரையில் எடுக்கக்கூடாது; நிலத்தின் நடுவில், மண் துளைக்கும் கருவி கொண்டு நேர்கீழாகத் துளைக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வோர் அடிக்கும் தனித்தனி மாதிரி. வெட்டப்போகும் ஆழத்தைவிட ஓரிரண்டு அடி கூடுதலாகவே பார்த்துவிட வேண்டும். மூன்றாவது, எடுத்த உடனே கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்று முழுவதையும் பிதுக்கி, இறுகக் கட்டி, இன்னொரு பையிலும் போட வேண்டும். நான்காவது, ஆழம், இடம், நாள் மூன்றையும் பையின்மேல் எழுத வேண்டும். ஐந்தாவது, மீன் வைப்பதுபோல் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும். முடியாவிட்டால் உறையவைத்துவிட வேண்டும். வெயிலில் காயவைப்பது மட்டும் கூடவே கூடாது.

பரிசோதனைச்சாலையில் அளக்கும் முறையையும் எனக்குக் காட்டினார்கள். அது கெட்டிக்காரத்தனமான முறை. சேற்றுக்குள் இருக்கும் கந்தகத்தை, அது எந்த வாயுவிலிருந்து உண்டானதோ அந்த வாயுவாகவே திரும்பவும் வெளியே வரவைக்கிறார்கள்.

ஈரச் சேற்றில் கொஞ்சம் நிறுத்து, மூடிய கண்ணாடிக் குடுவையில் இடுகிறார்கள். குடுவையிலுள்ள காற்றை நைட்ரஜன் வாயுவால் வெளியேற்றுகிறார்கள். பிராணவாயு அணுவளவும் இருக்கலாகாது. பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறார்கள். கருஞ்சல்பைடு கரைந்து நாற்ற வாயு கிளம்புகிறது. நைட்ரஜன் அதைக் குழாய் வழியே தள்ளிக்கொண்டுபோய், துத்தநாக அசிடேட் கரைசலுக்குள் குமிழி குமிழியாக விடுகிறது. அங்கே வாயு துத்தநாகத்தோடு சேர்ந்து வெண்ணிறப் படிவாகச் சிக்கிக்கொள்கிறது. கரிய சேறு இப்போது வெள்ளைப் படிவாகிவிட்டது. அதற்கு ஒரு சாயப்பொருளைச் சேர்த்தால் நீலம் தோன்றும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, சல்பைடு அவ்வளவு. இந்த நீல முறையைக் கடல் ஆராய்ச்சியில் எல்லாரும் கையாளும்படி 1969 இல் கிளைன் என்ற விஞ்ஞானி ஒழுங்குபடுத்தினார்.

ஆனால் பைரைட் இந்த அமிலத்துக்கு அசையாது. அதற்கு இன்னும் வல்லமையான மருந்து வேண்டும். குரோமியம் குளோரைடு என்ற பச்சைக் கரைசலைத் துத்தநாகத்தின் வழியே செலுத்தினால், அது பளிச்சென்ற நீல நிறமாகிறது. அந்த நீலக் கரைசலை அமிலத்தோடு சேர்த்து, சேற்றுடன் கொதிக்கவைத்தால் பைரைட்டும் வாயுவாகிவிடும். அதையும் முன்போலவே பிடித்து அளக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த நீல மருந்தும் காற்றுப் பட்டால் பச்சையாகிக் கெட்டுப்போகும். ஆகவே தொடக்கம் முதல் முடிவு வரை காற்றுக்குக் கதவடைத்த வேலை. இந்த முறையை 1986 இல் கான்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் பின்பற்றுகிறார்கள்.

மண்ணிலுள்ள மொத்தக் கந்தகத்தை அளந்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். போதாது. நாம் போடும் அமோனியம் சல்பேட் உரத்திலும் கந்தகம் இருக்கிறது, இலைமக்கிலும் இருக்கிறது. அந்தக் கந்தகம் காற்றுப் பட்டு இப்படி ஆசிட்டைக் கொட்டாது. ஆபத்துக்கு உரியது சல்பைடாக இருக்கும் கந்தகம் ஒன்றே. வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணினால் போதுமா? திருடன் யார் என்று அல்லவா பார்க்க வேண்டும்!

எங்கள் மாதிரிகளின் முடிவு வந்தது. மூன்றடி வரை சல்பைடு இல்லை என்றே சொல்லலாம். மூன்றரை அடிக்குக் கீழே பைரைட் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் மேல். மாமா வெட்டியதோ ஆறடி. உறங்கிக் கிடந்ததை இரண்டரை அடி ஆழத்துக்கு எழுப்பிவிட்டிருக்கிறோம். பக்கத்து நிலத்துப் பெரியவரின் தகப்பனார் எந்தக் குடுவையும் இல்லாமல் சொன்னதைத்தான் பரிசோதனைச்சாலையும் சொல்லியது. ஒரே வேறுபாடு, இது எத்தனை அடி என்றும் சொல்லியது.

நேயர்களே, இந்தத் தவற்றை முதலில் செய்தவர் என் மாமா அல்லர். ஹாலந்து நாட்டில் ஹார்லெம்மர்மீர் என்ற பெரிய ஏரியை 1852 இல் வற்றவைத்து விளைநிலமாக்கினார்கள். சில இடங்களில் பயிர் வரவில்லை. அந்த மண்ணைப் பூனைக் களிமண் என்று உழவர்கள் பழித்தார்கள். 1886 இல் வான் பெம்மலன் என்பவர் சேற்றிலுள்ள பைரைட்டே அமிலமாகிறது என்று விளக்கினார். நமக்கு அருகிலே, கேரளத்தின் குட்டநாட்டில், கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நெல்வயல்கள் இருக்கின்றன. அங்கே கரி நிலம் என்று ஒரு வகை உண்டு. கருமையான மண், கடும் புளிப்பு, அதுவும் இதே இனம். அங்குள்ள உழவர்கள் நீரை விட்டுக் கழுவி, சுண்ணாம்பு இட்டு, நெல் விளைவிக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இது பழைய செய்தியே. கடலோரச் சேற்று நிலத்தில் வைத்த செம்பனை ஏன் காய்க்கவில்லை என்பதை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த புளூம்ஃபீல்டும் அவருடன் உழைத்தவர்களும் ஆராய்ந்து 1968 இல் எழுதினார்கள். பின்னர் 1977 இல் அவரும் பூன் என்பவரும் அத்தகைய நிலத்தைத் திருத்தும் வழியை எழுதினார்கள். வடிகாலை அடைத்து நிலத்தடி நீரை உயர்த்தினால் மரம் தேறும் என்பது அவர்கள் காட்டிய வழி. 1974 இல் உலக வங்கியின் கடனுதவியோடு மேற்கு ஜொகூர் வேளாண்மை மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. கடல் நீரைத் தடுக்கும் கரைகளும், நீர்க் கதவுகளும், வடிகால்களும் அமைந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்க அந்த வடிகால் வழி செய்தது. வடிகால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆழம் தெரியாமல் வெட்ட வேண்டாம் என்கிறேன்.

பரிசோதனைச்சாலைக்குப் போக எல்லாருக்கும் வசதியிருக்காது. வீட்டிலும் பள்ளியிலும் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. பொறுமை மட்டும் வேண்டும். வெவ்வேறு ஆழத்து ஈரச் சேற்றைத் தனித்தனித் தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். முதல் நாளே சிறிது சேற்றைச் சுத்தமான நீரில் கலக்கி, பி.எச். தாளால் அளந்து எழுதி வையுங்கள். பிறகு தட்டை நிழலில் வைத்து, நீர் தேங்காமல், காயவும் விடாமல், மழைநீர் தெளித்து ஈரமாகவே வைத்திருங்கள். வாரம் ஒரு முறை அளந்து எழுதுங்கள். 16 வாரத்துக்குள் அளவு இறங்கி 4க்கோ அதற்குக் கீழோ வந்துவிட்டால், அந்த ஆழத்தில் சல்பைடு இருக்கிறது என்று கொள்ளலாம். எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இதைச் செய்தார்கள். முதல் நாள் 6 காட்டிய ஒரு தட்டு, விடுமுறை முடிந்து வந்தபோது 3 காட்டியது. "சார், யாருமே ஆசிட் ஊற்றவில்லையே!" என்று ஒரு சிறுமி கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் பாடம் முழுவதும் அடங்கிவிட்டது.

அதிகாரிகள் வயலிலேயே விரைவாகச் சோதிக்க ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற திரவத்தைச் சேற்றில் விடுவார்கள். 16 வாரத்தில் நடப்பது சில நிமிடங்களில் நடந்துவிடும். சேறு நுரைத்துப் பொங்கும். பொங்கிய பின் அளவு 3க்குக் கீழே இறங்கினால் பைரைட் இருக்கிறது என்பதற்கு வலுவான அடையாளம். ஆனால் அந்தத் திரவம் தோலைச் சுடும், கண்ணைக் கெடுக்கும். பயிற்சி இல்லாதவர்களும் பிள்ளைகளும் அதைத் தொடவே கூடாது. அதுபோலவே, கருஞ்சேற்றில் ஆசிட் ஊற்றிப் பார்க்கும் விளையாட்டும் வேண்டாம். கிளம்பும் வாயு நச்சு வாயு.

மாமாவின் நிலம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் யோசனை கேட்டு, வாய்க்காலின் குறுக்கே பலகையும் மணல் மூட்டையும் வைத்துத் தடுத்தோம். நிலத்தடி நீர் ஏறக்குறைய இரண்டடி ஆழத்தில் நிற்கும்படி செய்தோம். வேர் மூச்சுவிட இரண்டடி. பைரைட்டை மூடி வைக்க அதற்குக் கீழே நீர். பெருமழை பெய்யும்போது பலகையை உயர்த்திப் புளித்த நீரை வெளியேற்றிவிட்டு, மழை ஓயுமுன் மறுபடி அடைப்போம். கரையில் கிடந்த சேற்றுமேட்டுக்கு மட்டும் சுண்ணாம்பு இட்டோம்.

இரண்டு ஆண்டுகளில் புதிய மட்டைகள் பச்சையாக வந்தன. ஆனால் மூன்றில் ஒரு பங்கு மரம் போனது போனதுதான். உரக் கடனும் அடைக்க வேண்டியதாயிற்று. இன்று மாமாவின் மரங்கள் காய்க்கின்றன. பக்கத்து நிலத்தைப்போல் காய்க்கவில்லை. அவர் சென்ற ஆண்டு மீன் குளம் ஒன்று வெட்ட எண்ணினார். இந்த முறை இயந்திரக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். துளைத்துப் பார்த்தோம். அந்த இடத்தில் சல்பைடு இரண்டரை அடியிலேயே தொடங்கியது. குளம் வெட்டவில்லை. வெட்டாத அந்தக் குளம்தான் அவர் ஈட்டிய லாபம் என்று நான் சொல்வேன்.

தோட்டத்தை விட்டு வெளியேறும் நம் குடும்பங்கள் பல, சேமித்த பணத்தைப் போட்டு ஒரு துண்டு நிலம் வாங்கவே ஆசைப்படுகின்றன. மேட்டு நிலம் விலை கூடுதல். தாழ்ந்த நிலம் மலிவு. மலிவாகக் கிடைக்கும்போது, அது ஏன் மலிவு என்று கேளுங்கள். பத்திரத்தைப் படிப்பதுபோல் மண்ணையும் படியுங்கள். அக்கம் பக்கத்து வாய்க்கால் எவ்வளவு ஆழம், நீரின் நிறம் என்ன, கரைச்சேற்றில் மஞ்சள் புள்ளி உண்டா என்று பாருங்கள். பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நான்கு பைகளில் சேறு எடுத்து, காற்றுப் படாமல் கட்டி, அளக்கக் கொடுங்கள். எத்தனை அடிவரை வெட்டலாம் என்பதை மண்வாரி இயந்திரக்காரர் சொல்லக்கூடாது. அந்த மண் சொல்லட்டும்.